நிச்சயம் நின்ற வீட்டு ஆப்பிள் சோமாஸ்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் ஆரம்பித்தால் நீங்கள் என்னை விவரமானவன் என்று நினைத்துக்கொள்வீர்கள், அப்புறம் ஏமாந்து போவீர்கள். எண்ணெயில் போட்டால் ஆப்பிளும் தேங்காயும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்பியவன் நான். தேங்காய்ப் பூரணம் வைத்தால் சோமாஸ் வருகிறது, ஆப்பிளை வைத்தால் ஏன் வராது என்று மனைவியிடம் வாதாடினேன். வாதத்தில் ஜெயித்தேன். அதற்குச் சாட்சியாக எங்கள் சமையலறைச் சுவரில், அடுப்புக்கு மேலே, ஓர் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. பெயிண்ட் அடிக்க வந்தவரிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். அவர் ஏதோ சாமி படம் மாட்டுகிற இடம் என்று நினைத்து விட்டுவிட்டார்.

முத்தியால்பேட்டையில் டூவீலர் சீட்டுக்குக் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். என் தையலுக்குள் ஐப்பசி மழைகூட இறங்காது என்று தெருவில் பெயர். அந்தப் பெயரைப் பரப்பியவனும் நான்தான். ரெக்ஸின் ஓரத்தை மடித்து, நடுவில் பைப்பிங் கயிறு கொடுத்து, இரண்டு ஓட்டு ஓட்டிவிட்டால் உள்ளே இருக்கிற ஸ்பாஞ்சு நனையாது. அதே கை மைதா ஓரத்தை மடித்து ஒட்டாதா என்று நினைத்தேன். என் தொழிலில் தண்ணீர் உள்ளே வரக் கூடாது. ஆப்பிளிலோ தண்ணீர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது, சூடு பட்டதும் வெளியே போகத் துடிக்கும். இது பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்குத் தெரியும். சீட் கவர் தைக்கிறவனுக்குத் தெரியவில்லை.

ஒரு பெட்டி ஆப்பிள் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் தட்டு கொண்டுவருவார்கள், பதிலுக்கு நாமும் தட்டு வைக்க வேண்டும். தட்டில் ஆப்பிள் இல்லாவிட்டால் அது நிச்சயம் இல்லை, ஏதோ ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தது போல என்று என் அக்கா சொல்வாள். ஆஸ்பத்திரிக்கும் ஆப்பிள்தானே கொண்டுபோகிறோம் என்று கேட்டால் முறைப்பாள். பெரிய மார்க்கெட்டில் ஒரு பெட்டி வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் வெள்ளை வலையில் ஒரு சட்டை, கன்னத்தில் ஒரு ஸ்டிக்கர். திருப்பித் திருப்பிப் பார்த்து, அழுத்திப் பார்த்து, மோந்து பார்த்து வாங்கினேன். மாப்பிள்ளையை அவ்வளவு பார்க்கவில்லை.

மகள் கதிர்காமம் பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நிச்சயத்துக்குச் சில நாள் இருக்கும்போது மாப்பிள்ளைப் பையன் போன் செய்தான். கல்யாணத்துக்கு அப்புறம் நைட் டூட்டி சரிப்படாது, எங்கள் குடும்பத்தில் அப்படி வழக்கம் இல்லை என்றான். வார்டில் எல்லாருக்கும் முறை வரும், நான் மட்டும் எப்படி மாட்டேன் என்று சொல்வது என்று இவள் கேட்டாள். அப்படியென்றால் வேலையையே விட்டுவிடு என்றான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நானும் மனைவியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

"அப்ப நான் உங்க குடும்பத்துக்கு வரலங்க" என்றாள். போனை வைத்துவிட்டுத் தட்டில் மீதி இருந்த மோர்சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். நான் எழுந்து கைதட்டியிருக்க வேண்டும். ஊறுகாய் வேணுமாம்மா என்று கேட்டேன். அவ்வளவுதான் எனக்கு வந்தது.

தெரு எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை. அதற்கு முன்னால் வாரத்தில் பாதி நாள் யாராவது வாசலில் நிற்பார்கள். ஒருவருக்கு பிரஷர் பார்க்க வேண்டும், இன்னொருவருக்கு மாத்திரைச் சீட்டில் எது காலையில், எது ராத்திரியில் என்று சொல்ல வேண்டும். நிச்சயம் நின்ற பிறகு யாருக்கும் பிரஷர் இல்லை. முத்தியால்பேட்டையே ஆரோக்கியமாகிவிட்டது. எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிற அம்மாள்தான் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர், மாப்பிள்ளைக்குத் தூரத்து அத்தை. பெண்ணுக்கு வாய் அதிகம் என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லியிருந்தால், அது என் பக்கத்திலிருந்து வந்தது என்று ஒப்புக்கொண்டிருப்பேன்.

மகள் அழவில்லை, சாப்பாட்டைத் தள்ளவில்லை, டூட்டிக்கு ஒருநாளும் லீவு போடவில்லை. ஆனால் சாயங்காலம் கிளம்பும்போது ஸ்கூட்டரை வாசலில் ஸ்டார்ட் செய்வதை நிறுத்திவிட்டாள். யூனிபார்மும் ஹெல்மெட்டுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போவாள். அங்கே போய்த்தான் சாவியைத் திருப்புவாள். சத்தம் கேட்டால் ஜன்னல்கள் திறக்கும், நைட் டூட்டிக்குப் போகிறாள் என்று பார்ப்பார்கள், அதற்காக. என் மகள் யார் முன்னாலும் தலைகுனிந்தவள் இல்லை. ஆனால் வண்டியைத் தள்ளுகிறவர் தலைகுனிந்துதான் ஆக வேண்டும், வண்டி அப்படி. நான் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். அந்த சீட்டுக்கு மெரூன் கலரில் கவர் தைத்துக் கொடுத்தது நான். நான் தைத்ததிலேயே நல்ல கவர் அது. எங்கள் தெருவுக்குள் அதில் உட்கார ஆள் இல்லை.

அக்கா வந்தாள். ஹாலில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் ஆரம்பித்தாள்.

"நின்னு போன காரியத்துப் பழம்டா இது. வூட்டுல வச்சித் தின்னக் கூடாது. வைத்திக்குப்பத்துல கடல்ல போட்டுட்டு வந்துடு. யாரும் பாக்காம."

"ஆப்பிள் மெதக்கும்க்கா. படகுக்காரங்க பொறுக்கியாந்து நமக்கே விப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை, அவள் கடைசியாகச் சொன்ன அந்த இரண்டு வார்த்தைதான் உள்ளே சிக்கிக்கொண்டது. மகள் யாருக்கும் கேட்காமல் வண்டியைத் தள்ள வேண்டும். நான் யாரும் பார்க்காமல் ஆப்பிளைக் கொட்ட வேண்டும். இனி என் மனைவி யாருக்கும் வாசனை வராமல் மீன் குழம்பு வைக்க வேண்டும் போலிருக்கிறது. நாங்கள் என்ன திருடிவிட்டோம்? ஒரு பெண் வேலையை விடமாட்டேன் என்று சொன்னாள். சொன்னதை ஸ்பீக்கரில் சொன்னாள். கொலைக் குற்றமா அது?

மனைவி அதற்குள் பெட்டியிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து அதன் ஸ்டிக்கரை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள். "பழம் இன்னா பாவம் பண்ணிச்சி" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அக்காவின் கண்ணெதிரே ஒரு கடி கடித்தாள். முப்பது வருஷத்தில் நான் அவளை அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. யாரும் பார்க்காமல் இல்லை, எல்லாரும் பார்க்க. இனிப்பு செய்து தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுப்பது. தீபாவளிக்கு எல்லார் வீட்டிலிருந்தும் எல்லார் வீட்டுக்கும் போகிற பண்டம் சோமாஸ். அதற்குள் இந்த ஆப்பிளை வைப்பது. ஆப்பிள் வைத்த பண்டம் எங்கள் வீட்டுக்குப் புதிதும் இல்லை. எதிர்வீட்டில் சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எதிர்வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், அவர் மனைவி இருக்கிறார், தெருவுக்கே அவர் மதாம். பிள்ளைகள் பாரிஸில். மகள் சின்னவளாக இருந்தபோது மதாம் பேக்கரியிலிருந்து ஷொஸ்ஸோன் வாங்கிவந்து தருவார். அரைவட்டமாக இருக்கும், உள்ளே ஆப்பிள். மகள் உள்ளே இருப்பதை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு வெறும் கூட்டை என்னிடம் கொடுப்பாள். அது ஓவனில் வேகிற சாமான். எங்களிடம் ஓவன் கிடையாது. வாணலியும் வீம்பும் இருந்தன.

அக்கா கடைசியில் இறங்கிவந்தாள், கொடுப்பதென்றால் பேப்பரில் மடித்துக் கொடுத்துத் தொலை என்றாள். இல்லை, நிச்சயத்துக்கு வாங்கிய எவர்சில்வர் தட்டுகளில்தான் கொடுப்பேன் என்றேன். ஏனென்றால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பலகாரம் வந்த தட்டை அப்போதே காலி செய்து கையில் கொடுக்க மாட்டார்கள். கழுவி, அதில் ஏதாவது போட்டு, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு, அந்த வீட்டு அம்மாள் நேரில் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வெறும் தட்டைத் திருப்பினால் மரியாதை இல்லை, திருப்பாமலே வைத்துக்கொண்டால் அது திருட்டு. ஆக ஒவ்வொரு தட்டுக்கும் ஒருவர் எங்கள் வாசல்படி ஏறியே தீர வேண்டும். ஏறி எங்கள் முகத்தைப் பார்த்தே தீர வேண்டும். நான் வாழ்க்கையில் செய்த ஒரே ராஜதந்திரம் இது. மனைவி கேட்டுவிட்டு, உனக்கா தோணிச்சு என்கிற மாதிரி பார்த்தாள். பரணிலிருந்து சோமாஸ் கரண்டியை எடுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மகள் ராத்திரி டூட்டி முடித்து வந்து அறையில் படுத்திருந்தாள். மைதாவில் உப்பும் சூடான நெய்யும் விட்டு மனைவி பிசைந்து வைத்தாள். நான் ஆப்பிளைத் தேங்காய் மாதிரி துருவி, சர்க்கரை, ஏலக்காய் கலந்து, பச்சையாகவே வட்டத்தில் வைத்து மடித்து, ஓரத்தை என் தொழில்முறைப்படி இரண்டு மடிப்பு மடித்தேன். கரண்டியின் பல் சக்கரத்தால் ஓரம் வெட்டிப் பார்த்தபோது கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. இந்தத் தையல் பிரியாது என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையிலேயே பிரியவில்லை. எண்ணெயில் போட்டதும் பூரி மாதிரி உப்பிற்று, உப்பிக்கொண்டே போயிற்று, தையல் அப்படியே இருக்க நடுவயிறு வெடித்தது. ஒன்று வெடித்ததும் பக்கத்தில் இருந்ததற்கும் தைரியம் வந்துவிட்டது. நான் கையில் ஜல்லிக் கரண்டியுடன் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்தேன். எப்போது போனேன் என்று தெரியாது.

சத்தம் கேட்டு மகள் எழுந்து வந்தாள். தலை கலைந்து, கண் சிவந்து. முதலில் என் கையைப் பிடித்து எண்ணெய் தெறித்திருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள். அப்புறம் தட்டில் அடுத்த வாணலிக்குத் தயாராக இருந்தவற்றை விரலால் அழுத்திப் பார்த்தாள். அடியில் சர்க்கரைத் தண்ணீர் கசிந்திருந்தது.

"ஈரத்த வச்சி மூடி இருக்கீங்கப்பா. ஈரமா இருக்குற புண்ணக் கட்டுனா உள்ள சீழ்தான் புடிக்கும்."

சாப்பிடுகிற பொருளைப் பற்றி இதைவிட அருவருப்பாக யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் அறைக்குத் திரும்பவில்லை. ஆப்பிளைப் பொடியாக நறுக்கச் சொன்னாள். வாணலியில் சர்க்கரையோடு போட்டு, தண்ணீர் வற்றுகிற வரை கிளறினாள். எலுமிச்சை பிழிந்தாள். மனைவி பொட்டுக்கடலையைப் பொடித்துப் போட்டாள், மிச்சமிருந்த ஈரத்தை அது குடித்துக்கொண்டது. எனக்கு ஒரே வேலை, ஓரம் மடிப்பது. அதுவும் ஒரே மடிப்பு போதும் என்று உத்தரவு. ஆறவிட்டு, மடித்து, நிதானமான சூட்டில் போட்டோம். ஒன்றும் வெடிக்கவில்லை. முதல் சோமாஸை உடைத்து மூன்று பேரும் தின்றோம். மொறுமொறுவென்று உடைந்தது, உள்ளே இருந்த பூரணம் நாக்கைச் சுட்டது. ஓரம் கோணிப்போன சீட் கவர் மாதிரியே இருக்கு என்று மகள் சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல நாள் கழித்துக் கேட்ட சிரிப்பு. அதற்காக ஓரத்தை இன்னும் கோணலாக மடித்தேன். தெரியாமல் மடித்தது போல.

நீயும் வா, சேர்ந்து கொடுப்போம் என்று கூப்பிட்டேன். நான் வரலப்பா என்றாள். நீங்க ஆரம்பிச்சது, நீங்களே போங்க என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

நானும் மனைவியும் கிளம்பினோம். பலகாரத் தட்டை நீட்டினால் என்ன விசேஷம் என்று கேட்பார்கள் என்பது தெரிந்ததுதான். வழியெல்லாம் ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டிருந்தேன், ஆனால் வழி என்பது தெருவைக் கடக்கிற தூரம்தான். முதலில் மதாம் வீடு. கேட்டார்.

"எங்க பொண்ணு ஒரு சம்பந்தத்த வேணாம்னு சொல்லிட்டா மதாம். அதான் இனிப்பு."

என் குரல் பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற அளவுக்கு இருந்தது என்று மனைவி பிறகு சொன்னாள். மதாம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு கடி கடித்தார். ஷொஸ்ஸோன் இது இல்லை, அது ஓவனில் வேக வேண்டும் என்று மெதுவாக விளக்கினார். விளக்கிக்கொண்டே முழுவதையும் தின்றார். "இன்னும் ரெண்டு வை தம்பி" என்றார்.

அதற்கப்புறம் எனக்கு இறக்கை முளைத்துவிட்டது. ஒவ்வொரு வாசலிலும் அதே பதிலைச் சொன்னேன், ஒவ்வொரு வாசலிலும் குரல் ஏறிற்று. சிலர் விழித்தார்கள். ஒருவர் வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இருக்கட்டும், வாழ்த்துதான் என்று நான் வாங்கிக்கொண்டேன். ஆனால் சம்பந்தம் கொண்டுவந்தவர் வீடு வந்தபோது, அந்தத் தூரத்து அத்தை கதவைத் திறந்து என் முகத்தையே பார்த்தபோது, தயார் செய்த வீரமெல்லாம் வற்றிவிட்டது. என்ன விசேஷம் என்றார். "ஒண்ணும் இல்லங்க, ஆப்பிள்" என்றேன். தட்டைக் கையில் கொடுத்துவிட்டு, மனைவிக்கு முன்னால் வேகமாக நடந்து வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமும் மகள் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போனாள். மிஞ்சியிருந்த சோமாஸை நான் ஒருவனாகத் தின்றேன். அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ், தெருவே சிரிக்கிறதாம். சிரிக்கட்டும். வாயில் ஆப்பிளை வைத்துக்கொண்டுதானே சிரிக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து தட்டுகள் வர ஆரம்பித்தன. வந்தவர்கள் முதலில் வாசலிலேயே தட்டை நீட்டிவிட்டுத் திரும்பிவிடப் பார்த்தார்கள். மனைவி விடவில்லை, உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். தட்டில் சர்க்கரை வந்தது, வாழைப்பழம் வந்தது, மதாம் வீட்டிலிருந்து பாரிஸ் சாக்லேட் வந்தது. எப்படி வெடிக்காமல் வந்தது என்று ஒருவர் கேட்டார். மனைவி சுவரைக் காட்டி, வெடித்துதான் வந்தது என்றாள். ஒரு பெரியவர் தட்டைக் கொடுத்த கையோடு கையை நீட்டியபடியே நின்றார், பிரஷர் பார்க்க. மகள் மெஷினை எடுத்துவந்து பார்த்தாள். ஏறித்தான் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்த நாளெல்லாம் ஏறியிருக்கும் என்று நான் சொன்னேன், மகள் என்னை உள்ளே போகச் சொன்னாள்.

அந்தத் தூரத்து அத்தை வீட்டுத் தட்டு மட்டும் வரவில்லை. போகட்டும், ஒரு தட்டுதானே என்று மனைவி சொன்னாள். என்னால் போகட்டும் என்று இருக்க முடியவில்லை.

அது வந்தது இன்னொரு சாயங்காலம். மகள் யூனிபார்மில், ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரை வாசலில் இறக்கி ஸ்டாண்டை எடுத்திருந்தாள். தள்ளப் போகிற நேரம். அந்த அம்மாள் தெருவழியாகத் தட்டோடு வந்து நேராக அவள் முன்னால் நின்றார். நான் வழக்கம்போல் திரைக்குப் பின்னால். தட்டில் சர்க்கரை இருந்தது, ஒரு பிடி இல்லை, குவியலாக.

"சக்கர கம்மியா இருந்திச்சி" என்றார் அவர்.

"உங்களுக்கு சுகர் இருக்குல்ல அத்த. அதான் கம்மியாப் போட்டேன்."

அந்த அம்மாள் தட்டை நீட்டினார். யூனிபார்மை மேலும் கீழும் பார்த்தார். இந்நேரத்துக்கு டூட்டியா என்றார். ஆமா அத்த, நைட் டூட்டி, காலையிலதான் வருவேன் என்று இவள் சொன்னாள், தெருவுக்கே கேட்கிற சாதாரணக் குரலில். வரும்போது வீட்டுப் பக்கம் வந்து சுகர் பார்த்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார் அவர். பார்க்கிறேன், காலையில ஒண்ணும் சாப்பிடாம இருங்க என்றாள். தட்டை வாங்கி ஜன்னல் வழியாக என் கையில் கொடுத்தாள். நான் திரைக்குப் பின்னால் நிற்பது அவளுக்கு எப்போதுமே தெரிந்திருக்கிறது.

அப்புறம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். மெரூன் கலர் சீட்டில் உட்கார்ந்தாள். அங்கேயே, வாசலிலேயே, அந்த அம்மாள் பக்கத்தில் நிற்கும்போதே சாவியைத் திருப்பினாள். எதிரில் ஒரு ஜன்னல் திறந்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கையில் சர்க்கரைத் தட்டோடு வாசலுக்கு ஓடிவந்து, "இன்னாம்மா, இங்கயே ஸ்டார்ட் பண்ணிட்ட?" என்று கேட்டேன்.

"பின்ன, வண்டிய தள்ளிக்கிட்டா போவாங்க?"